சிவப்புக் கோட்டும் இரண்டு கொலைகாரிகளும்: கிரெல், மேடம் ரெட் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

'பிளாக் பட்லர்' என்ற மங்காவில், அதாவது ஜப்பானியப் படக்கதையில், ஜாக் த ரிப்பர் பகுதியைப் படித்து முடித்தவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியோடுதான் வருகிறார்கள்: கிரெல்லுக்கு மேடம் ரெட் மேல் இருந்தது என்ன? காதலா, நட்பா, வெறும் ரத்த ருசியா? இதே கேள்விக்குப் பல முறை துண்டு துண்டாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். கதையின் முடிச்சுகள் அத்தனையும் இங்கே அவிழ்ந்து கிடக்கும். இன்னும் படிக்காதவர்கள் முதல் 3 தொகுதிகளைப் படித்துவிட்டு வாருங்கள்.

படித்து ரொம்ப நாளாகிவிட்டது. கதையைச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

யானா டொபோசோவின் இந்த மங்கா 2006இல் 'ஜிஃபேன்டசி' மாத இதழில் தொடங்கியது. ஜப்பானிய மூலப் பெயர் 'குரோஷிட்சுஜி', அதாவது கறுப்பு பட்லர். விக்டோரியா காலத்து லண்டன். சியேல் ஃபேன்டம்ஹைவ் என்ற சிறுவன், ராணிக்காக இருட்டு வேலைகளைப் பார்க்கும் பிரபுக் குடும்பத்தின் வாரிசு. அவனுடைய பட்லர் செபாஸ்டியன் ஒரு பிசாசு.

2ஆம் தொகுதியில் ஆரம்பித்து 3ஆம் தொகுதியில் முடிகிற பகுதியில், வைட்சேப்பல் தெருக்களில் பாலியல் தொழில் செய்யும் பெண்களைக் கொல்பவன் யார் என்று சியேல் தேடுகிறான். கொலையாளி அவன் வீட்டிலேயே வந்து டீ குடித்துக்கொண்டிருக்கிறாள். அவன் அம்மாவின் தங்கை ஏஞ்சலினா டல்லெஸ், எல்லோரும் மேடம் ரெட் என்று கூப்பிடுகிற டாக்டர். நம் வழக்கில் சொன்னால் சியேலின் சித்தி. கூட்டாளி, அவளுடைய பட்லராக நடிக்கும் கிரெல் சட்கிளிஃப். டீயைக் கொட்டி, தட்டை உடைத்து, 'மன்னிச்சிடுங்க மன்னிச்சிடுங்க' என்று நடுங்குகிற அந்த ஆள், உண்மையில் உயிர் எடுக்க வரும் ஷினிகாமி. எமதூதர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியில் மேடம் ரெட்டால் சியேலைக் கொல்ல முடியவில்லை. அந்த நொடியிலேயே கிரெல் அவளைக் கொன்றுவிடுகிறாள்.

கிரெல்லை ஏன் 'அவள்' என்று எழுதுகிறீர்கள்?

ஜப்பானிய மொழியில் இந்தத் தலைவலி இல்லை. எழுவாயை விட்டுவிட்டே பக்கம் பக்கமாகப் பேசலாம். வினைச்சொல்லும் பால் காட்டாது. தமிழில் தப்பிக்க வழியே இல்லை: வந்தான், வந்தாள், வந்தார் என்று ஒவ்வொரு வாக்கியத்தின் வாலிலும் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும்.

கிரெல் தன்னைக் குறிக்க 'அதாஷி' என்கிறாள். பெண்கள் பேசும் நடையின் ஈறுகளோடு பேசுகிறாள், தன்னைப் பெண்ணாகவே பாவிக்கிறாள். கதையில் மற்றவர்கள் அவளை ஆணாகத்தான் நடத்துகிறார்கள். ஜப்பானியப் பொழுதுபோக்கில் பெண் நடையில் பேசுகிற ஆணைச் சிரிப்புக்காகக் கொண்டுவருகிற ஒரு பழைய அச்சு உண்டு, டொபோசோ அந்த அச்சையும் இங்கே பயன்படுத்துகிறார். அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் ஒரு பாத்திரம் தன்னை என்னவென்று சொல்கிறதோ அதை முதலில் கேட்போம் என்பது என் கட்சி. சிலர் 'அவர்' என்று எழுதிச் சமாளிக்கிறார்கள். எனக்கு அது சரிப்படவில்லை. செயின்சாவைத் தூக்கிக்கொண்டு கூரைக்குக் கூரை தாவுகிற ஒருத்தியை 'அவர் தாவினார்' என்று எழுதினால் பள்ளி ஆண்டுவிழாவுக்கு வந்த தலைமையாசிரியர் மாதிரி இருக்கிறது.

இந்த முடிவு இலக்கணத்தோடு நிற்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 'அவன்' என்று எழுதினால் இது வில்லனும் வில்லியும் சேர்ந்த கதை. 'அவள்' என்று எழுதினால் இரண்டு வில்லிகளின் கதை. கவர்ச்சியின் நிறமே மாறிவிடும்.

நேராகச் சொல்லுங்கள். இருவருக்கும் நடுவில் காதல் இருந்ததா?

கிரெல் பக்கம் ஏதோ இருந்தது. மேடம் ரெட் பக்கம் அப்படி எதுவும் காட்டப்படவில்லை.

அந்த 'ஏதோ'வுக்கு என்ன பெயர் வைப்பது என்பதில்தான் சண்டை. என் வாசிப்பு இது: கிரெல் காதலித்தது ஏஞ்சலினா என்ற பெண்ணை இல்லை, ரத்தம் தெறித்து நின்ற ஒரு உருவத்தை. அந்த உருவத்தில் கிரெல் தன்னையே பார்த்தாள். பிறகு அந்த உருவத்துக்குள் வேறு ஒருத்தி இருப்பது தெரிந்ததும் தாங்க முடியவில்லை. கீழே வருவதெல்லாம் ஏன் அப்படி நினைக்கிறேன் என்பதற்கான காரணங்கள்தான்.

எந்தக் காட்சிகளை வைத்து இதைச் சொல்கிறீர்கள்?

மூன்று இடங்கள்.

முதலாவது, இருவரும் சந்திக்கிற இடம். இது நமக்குக் காலவரிசைப்படி கிடைப்பதில்லை. மேடம் ரெட் சாகும்போது ஓடுகிற நினைவுச் சுருளில்தான் வருகிறது. ஷினிகாமியின் ஆயுதம் பட்டால் அந்த ஆளின் வாழ்க்கை முழுவதும் சினிமாப் படச்சுருள் மாதிரி உடம்பிலிருந்து பீறிட்டு வெளியே வரும். (கதை நடப்பது 1888. இன்று நம்மிடம் மிஞ்சியிருக்கும் மிகப் பழைய படச்சுருள் அதே 1888 அக்டோபரில் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்துத் தோட்டம் ஒன்றில் எடுக்கப்பட்டது, ஓடுவது இரண்டே விநாடி. டொபோசோ இதை யோசித்துச் செய்தாரோ இல்லையோ, பொருத்தம் அபாரம்.) அந்தச் சுருளில், கொலை செய்துவிட்டு ரத்தத்தோடு நிற்கிற மேடம் ரெட்டின் முன்னால் கிரெல் வந்து நிற்கிறாள். பயம் காட்டவில்லை, தண்டிக்கவில்லை. ரசிக்கிறாள். யாரும் பார்த்துவிடக் கூடாத நேரத்தில் ஒருத்தி பார்த்துவிட்டாள், பார்த்ததோடு நிற்காமல் அழகாக இருக்கிறது என்றும் நினைத்தாள். இந்த உறவின் முதல் எழுத்து அதுதான்.

இரண்டாவது, கொலை. மேடம் ரெட் கத்தியை ஓங்குகிறாள். சியேலின் முகத்தில் அவளுக்குத் தன் அக்காவும் அக்காள் கணவரும் தெரிகிறார்கள். கை நிற்கிறது. இந்தக் குழந்தையைக் கொல்ல முடியாது என்கிறாள். உடனே கிரெல்லின் செயின்சா அவள் உடம்பில் ஊடுருவுகிறது. அப்போது கிரெல் சொல்வதன் சாரம்: ரத்தத்தில் குளித்து நின்ற உன்னைத்தான் எனக்குப் பிடித்தது, இப்போது நீ வெறும் ஒரு பெண். இந்த வசனத்தைச் சத்தமாகப் படித்துப் பாருங்கள். கூட்டுக் களவில் ஏமாற்றப்பட்ட திருடன் இப்படிப் பேசமாட்டான். 'நீ மாறிவிட்டாய்' என்று சண்டை போடுகிறவர்கள்தான் இப்படிப் பேசுவார்கள்.

மூன்றாவது, கோட்டு. செத்துக் கிடப்பவளின் சிவப்புக் கோட்டை கிரெல் உருவி எடுத்துத் தான் மாட்டிக்கொள்கிறாள். உனக்கு இது பொருந்தாது என்கிற தொனியில். கோட்டைப் பற்றிக் கடைசியில் தனியாகப் பேசுவோம்.

எல்லாம் சிவப்பு சிவப்பு என்கிறார்கள். அதில் அப்படி என்ன இருக்கிறது?

எனக்கு இந்தப் பகுதியில் மிகவும் பிடித்த விஷயமே இதுதான். ஏனென்றால் மங்கா கறுப்பு வெள்ளையில் அச்சாகிறது. சிவப்பே கிடையாது! கூந்தல் ஒரு சாம்பல் நிறப் புள்ளித்திரை, கோட்டு இன்னொரு சாம்பல், ரத்தம் கறுப்பு மை. சிவப்பு என்பது பாத்திரங்களின் வாயில் மட்டும் இருக்கிறது. அவர்கள் சொல்கிறார்கள், நாம் மனதில் பூசிக்கொள்கிறோம். கிரெல்லும் அதையேதான் செய்கிறாள்: மேடம் ரெட்டின் மேல் தனக்கு வேண்டிய சிவப்பைப் பூசிக்கொள்கிறாள்.

இரண்டு பேரின் சிவப்பும் ஒன்று இல்லை என்பதைக் கவனியுங்கள். ஏஞ்சலினாவுக்குச் சிவப்பு முடி அப்பாவிடமிருந்து வந்தது. அவளுக்கு அது பிடிக்கவே பிடிக்காது, அக்கா ரேச்சலின் பொன்னிறத்தைப் பார்த்துப் பார்த்துத் தன் முடியை வெறுத்து, நெற்றியில் இழுத்துவிட்டு முகத்தை மறைத்துக்கொண்டு வளர்ந்தாள். வின்சென்ட் ஃபேன்டம்ஹைவ் வந்து, உன் முடி தரையில் பற்றியெரிகிற லைகோரிஸ் பூவின் நிறம், உனக்குச் சிவப்பு நன்றாக இருக்கும் என்கிறான். அன்றிலிருந்து முடியும் சிவப்பும் அவளுக்குப் பிடித்துப்போகிறது. பிறகு அதே வின்சென்ட் ரேச்சலைக் கட்டிக்கொள்கிறான். ஆக, மேடம் ரெட்டின் சிவப்பு ஒரு ஆண் கொடுத்துவிட்டுப் போன சிவப்பு. அக்காள் கணவன் சொன்ன ஒரு வார்த்தையை ஆயுள் முழுக்க உடுத்திக்கொண்டு திரிந்தாள்.

அந்த லைகோரிஸ் பூவைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஜப்பானில் அதற்கு ஹிகன்பனா என்று பெயர். செப்டம்பரில் சமஇரவு நாளையொட்டி, இறந்தவர்களை நினைத்து கல்லறைக்குப் போகும் ஹிகன் நாட்களில் பூக்கும். வயல் வரப்புகளிலும் கல்லறைகளின் ஓரத்திலும் நட்டுவைப்பார்கள். கிழங்கில் விஷம். ஜப்பானிய வாசகருக்கு அந்த உவமை காதல் பேச்சாகவும் சாவுச் சகுனமாகவும் ஒரே நேரத்தில் கேட்கும். தமிழில் இதைச் செங்காந்தள் என்று மாற்றிவிடலாமா என்று கை பரபரக்கும், அதுவும் சிவப்பு, அதுவும் விஷம். ஆனால் அது வேறு செடி, அதோடு செங்காந்தளைச் சொன்னால் நம் மனம் சங்கப் பாடலுக்கும் முருகனுக்கும் போய்விடும், கல்லறைக்குப் போகாது.

கிரெல்லின் சிவப்போ அவள் விரும்பிக் கொண்டாடுகிறது. பட்லர் வேடத்தில் மங்கலான முடியும் வட்டக் கண்ணாடியுமாக இருந்தவள், வேடம் கலைந்ததும் சிவப்பாக விரிகிறாள். சுறாவைப் போலப் பற்கள் தெரிகின்றன. அவளுக்குச் சிவப்பு யாரும் கொடுத்ததில்லை. அதனால்தான் மேடம் ரெட்டின் சிவப்பையும் தன்னுடையதைப் போலவே நினைத்துக்கொண்டாள்: இதோ ஒருத்தி, தானே தன்னைச் சிவப்பாக்கிக்கொண்டவள். அந்த நினைப்பு பொய் என்று தெரிகிற இடம்தான் கத்தி நிற்கிற இடம்.

மேடம் ரெட்டுக்கு கிரெல் மேல் ஒன்றுமே இல்லையா?

காதல் என்று சொல்ல எனக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. தேடாமல் சொல்லவில்லை.

அவள் கதையை வரிசையாக வைத்துப் பாருங்கள். வின்சென்டை இழக்கிறாள். தன்னைப் புரிந்துகொண்ட ஒரு பாரனை, அதாவது ஒரு பிரபுவைக் கட்டிக்கொள்கிறாள், பிள்ளை உண்டாகிறது. வண்டி விபத்தில் கணவன் போகிறான், அவளைக் காப்பாற்ற கருவையும் கருப்பையையும் எடுத்துவிடுகிறார்கள். 1885 டிசம்பரில் ஃபேன்டம்ஹைவ் மாளிகை எரிந்து அக்காவும் வின்சென்டும் போகிறார்கள். அப்புறம் மருத்துவமனையில் தினமும் கருவைக் கலைக்கச் சொல்லி வருகிற பெண்கள். தனக்குக் கிடைக்காததை இவர்கள் தூக்கிப் போடுகிறார்கள் என்ற ஆத்திரம். அவள் மனதில் இருப்பவர்கள் எல்லோரும் செத்தவர்கள், உயிரோடு இருப்பவன் ஒரே ஒரு சிறுவன். கிரெல் நுழைய அங்கே இடமே இல்லை.

ஆனால் ஒன்று இருக்கிறது, அதைச் சின்னதாக நினைக்கக் கூடாது. எல்லோருக்கும் அவள் கலகலப்பான பணக்கார விதவை. அவள் இன்னொரு முகத்தை அறிந்தும் அருவருக்காமல் கூடவே இருந்தது கிரெல் ஒருத்திதான். அதைத் தோழமை என்று சொல்லலாம். கிரெல் டீயைக் கொட்டும்போது மேடம் ரெட் சலித்துக்கொள்கிற காட்சிகளை, உண்மை தெரிந்த பிறகு திரும்பப் படித்தால் வேறு மாதிரி இருக்கும்: இருவரும் சேர்ந்து நடிக்கிற நாடகம் அது, மேடையில் இருவருக்கு மட்டும்தான் தெரியும். அப்படி ஒரு ரகசியத்தில் நெருக்கம் வராமல் இருக்காது. காதலாக இருக்க வேண்டும் என்று மட்டும் கட்டாயம் இல்லை.

கிரெல் செபாஸ்டியனைப் பார்த்துத்தானே உருகுகிறாள்? அப்புறம் மேடம் ரெட் எங்கே?

இந்தக் கேள்வி அதிகம் வருகிறது. 'செபாஸ்-சான்' என்று குழைவது, அவன் பிள்ளையைப் பெற்றுக்கொள்வது பற்றிப் பேசுவது, அடி வாங்கிக்கொண்டே கண்ணில் இதயம் பறப்பது எல்லாம் உண்மைதான். ஆனால் அது சத்தமான ஆசை. ஊரே பார்க்கச் செய்கிற ஆசை. தன் மேலதிகாரி வில்லியமிடமும் அவள் அப்படித்தான். யாரைப் பார்த்தும் கூச்சமில்லாமல் வழிகிற ஒருத்தி, மேடம் ரெட்டிடம் மட்டும் ஒரு முறைகூட அப்படி வழியவில்லை. வேலைக்காரியாக, வேலைக்காரனாக, கூடவே நின்றாள். சத்தமில்லாததுதான் எனக்குச் சந்தேகத்தைக் கிளப்புகிறது.

பிள்ளை பெறுவது பற்றிய அந்தப் பேச்சைச் சிரிப்பாக விட்டுவிடவும் வேண்டாம். ஒருத்திக்குக் கருப்பை எடுக்கப்பட்டுவிட்டது. இன்னொருத்திக்கு இருந்ததே இல்லை. இருவரும் சேர்ந்து கொன்ற பெண்களின் உடலிலிருந்து எடுத்தது கருப்பை. இதைவிட நேராக ஒரு மங்கா எப்படிச் சொல்லும்?

பிடித்திருந்தால் கொல்வாளா?

கோதிக் கதையில் கேட்கக் கூடாத கேள்வி இது, ஆனாலும் கேட்டுவிட்டீர்கள்.

கதைக்குள்ளேயே ஒரு தடயம் இருக்கிறது. ஷினிகாமிகள் ஆபீஸ் குமாஸ்தாக்கள் மாதிரி. இன்று சாக வேண்டியவர்கள் என்று பட்டியல் வரும், அதில் உள்ள உயிரைத்தான் எடுக்க வேண்டும். மேலதிகாரி வில்லியம் டி. ஸ்பியர்ஸ் வந்து கிரெல்லை இழுத்துப்போகும்போது படிக்கிற குற்றச்சாட்டுகளில் ஒன்று, பட்டியலில் இல்லாதவரைக் கொன்றது. அதாவது மேடம் ரெட் அன்று சாக வேண்டியவள் இல்லை. கடமைக்காக எடுத்த உயிர் இல்லை அது. கிரெல்லுக்கு வேலை போகும், தண்டனை வரும், தெரிந்தே செய்தாள். மனசு சம்பந்தப்படாத இடத்தில் யாரும் விதியை மீற மாட்டார்கள். அந்த மனசில் இருந்தது அன்பா, அகம்பாவமா என்று கேட்டால், இரண்டும் ஒட்டிக்கொண்டிருந்தது என்பேன்.

இதை 'உடைந்துபோன காதல்' என்று மென்மையாக்கி எழுதுகிற ரசிகர் கதைகளைப் படித்திருக்கிறேன். சிலது நன்றாகவே இருக்கிறது. ஆனால் ஒரு பெண் தன் இஷ்டப்படி இல்லாமல் போனதும் அவளைக் கொன்றுவிட்டு 'உன் தப்பு' என்று சொல்கிறவர்களை நாம் செய்தித்தாளில் தினமும் பார்க்கிறோம். கிரெல் அந்த வரிசையிலும் நிற்கிறாள். அவள் கவர்ச்சியான பாத்திரம் என்பதால் அது இல்லாமல் போகாது.

உண்மையான ஜாக் த ரிப்பர் வழக்கோடு இதற்கு எவ்வளவு தொடர்பு?

சட்டகம் நிஜம். 1888 ஆகஸ்ட் 31இல் மேரி ஆன் நிக்கோல்ஸ், செப்டம்பர் 8இல் ஆனி சேப்மன், செப்டம்பர் 30இல் ஒரே இரவில் எலிசபெத் ஸ்ட்ரைட், கேத்தரின் எட்டோவ்ஸ், நவம்பர் 9இல் மேரி ஜேன் கெல்லி. பொதுவாக ரிப்பர் கணக்கில் சேர்க்கும் ஐந்து பெண்கள் இவர்கள். சேப்மன், எட்டோவ்ஸ் இருவரின் கருப்பை எடுக்கப்பட்டிருந்ததும் நிஜம். கொலையாளிக்கு உடற்கூறு தெரிந்திருக்கலாம், டாக்டராக இருக்கலாம் என்ற பேச்சும் அந்தக் காலத்திலேயே எழுந்தது. டொபோசோ அந்த இரண்டையும் பிடித்துக்கொண்டு, டாக்டர் ஒரு பெண்ணாக இருந்தால், அவளுக்குக் கருப்பை இல்லாமல் இருந்தால் என்று கதையைக் கட்டுகிறார்.

கதையில் சியேல் பொய்யாகச் சந்தேகப்படுகிற டிரூயிட் பிரபுவின் பெயரும் வழக்கிலிருந்து வந்ததுதான். மாண்டேக் டிரூயிட் என்ற வக்கீலின் உடல் 1888 டிசம்பர் 31இல் தேம்ஸ் நதியில் கிடைத்தது. பின்னாளில் அவரும் சந்தேகப் பட்டியலில் ஏறினார். 'சட்கிளிஃப்' என்றதும் 1981இல் தண்டிக்கப்பட்ட 'யார்க்‌ஷயர் ரிப்பர்' பீட்டர் சட்கிளிஃப் ஞாபகம் வருவதும் இயல்பு.

பெண் டாக்டர் என்பதும் கட்டுக்கதை இல்லை. லண்டனில் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி 1874இலேயே திறந்தாயிற்று. ஆனால் கருக்கலைப்பு 1861ஆம் வருடச் சட்டப்படி கடுமையான குற்றம். மேடம் ரெட் கையில் கத்தியை எடுப்பதற்கு முன்பே சட்டத்துக்கு வெளியேதான் நின்றாள்.

எனக்கு நெருடுகிற இடமும் இதுதான். இந்த இரண்டு பேரின் உறவு அழகாக வரையப்பட்டிருக்கிறது, ஆனால் அது வரையப்பட்டிருப்பது பெயர் தெரிந்த, நிஜமாக வாழ்ந்த பெண்களின் உடம்பின் மேல். மேரி கெல்லியின் அறைக்கதவிலிருந்து கிரெல் ரத்தம் சொட்டச் சொட்ட வெளியே வந்து, சத்தம் கேட்டு ஓடிவந்தேன் என்று திக்கித் திணறிப் பொய் சொல்கிறாளே, அந்தப் பக்கத்தில் நம் கண் கிரெல்லிடமே நிற்கிறது. உள்ளே இருப்பவளை நாம் பார்ப்பதில்லை. முதல் முறை நானும் பார்க்கவில்லை.

அனிமே மட்டும் பார்த்தேன். போதுமா?

2008 அனிமேயில் 4 முதல் 6 வரையான எபிசோடுகள் இந்தப் பகுதி. நான் முதலில் பார்த்ததும் அதுதான், கல்லூரி விடுதியில் ஒரே இயர்போனை ஆளுக்கொரு காதில் மாட்டிக்கொண்டு. மேடம் ரெட்டுக்குப் பார்க் ரோமி, கிரெல்லுக்கு ஃபுக்குயாமா ஜுன். இருவர் குரலும் அருமை. கிரெல் கோட்டை உருவியதும் பக்கத்தில் இருந்தவள், 'இவங்க ரெண்டு பேரும் லவ்வர்ஸ்டி' என்றாள். நான் இல்லவே இல்லை என்று சண்டை போட்டேன். இந்தப் பக்கம் ஒரு விதத்தில் அந்தச் சண்டையின் பாக்கி.

அனிமேயில் வண்ணம் இருக்கிறது, அதுவே அதன் பலமும் பலவீனமும். சிவப்பு நிஜமாகவே சிவப்பாக வந்துவிடுவதால் நாம் பூசிக்கொள்ள ஒன்றுமில்லை. மங்காவையும் படியுங்கள்.

ஷினிகாமிகள் யார் என்பது பின்னால் தெரிகிறதே, அது எதையாவது மாற்றுகிறதா?

நிறைய. தற்கொலை செய்துகொண்ட மனிதர்கள்தான் ஷினிகாமிகளாகி, மன்னிப்புக் கிடைக்கும்வரை மற்றவர்களின் சாவைப் பார்த்துக்கொண்டே வேலை செய்ய வேண்டும் என்பது மங்காவின் பிற்பகுதியில் வெளிவருகிறது. ஆகவே கிரெல்லும் ஒரு காலத்தில் மனுஷி. வாழப் பிடிக்காமல் போன மனுஷி. எதனால் என்று நமக்குச் சொல்லப்படவில்லை.

அதைத் தெரிந்துகொண்டு அந்த முதல் சந்திப்புக்குத் திரும்பிப் போங்கள். வாழப் பிடிக்காமல் போயும், செத்துப்போகாமல், அந்த வெறுப்பை வெளியே திருப்பிக் கத்தியாக்கிக்கொண்ட ஒருத்தியை கிரெல் பார்க்கிறாள். தான் எடுக்காத வழியை எடுத்தவள். அந்தக் கவர்ச்சியில் பொறாமையும் கலந்திருந்தால் ஆச்சரியப்பட மாட்டேன். அதே போல, கத்தி நின்றபோது வந்த கோபமும் இன்னும் கொஞ்சம் புரிகிறது.

அப்படியென்றால் இதை 'கேனான்', அதாவது மூலக்கதையே ஒப்புக்கொண்ட உறவு என்று சொல்லலாமா? இல்லை, ஒருபால் காதல் இருப்பதுபோல் காட்டிவிட்டுக் கொடுக்காமல் விடுகிற வெறும் குயர்பெய்ட்டிங்கா?

கதை தன் வாயால் 'காதல்' என்று சொல்லி முத்திரை குத்தவில்லை, அதனால் கேனான் என்று அடித்துப் பேச முடியாது. ஆசை காட்டி ஏமாற்றுகிற பெய்ட்டிங் என்றும் எனக்குத் தோன்றவில்லை. அதற்கு ஒரு வாக்குறுதி இருந்திருக்க வேண்டும், இங்கே சந்திப்பைக் காட்டும்போதே சாவையும் காட்டிவிடுகிறார்கள். நீங்கள் ஷிப் செய்துகொள்ளுங்கள், அதாவது இருவரையும் ஜோடியாக நினைத்துக்கொள்ளுங்கள், யாரும் தடுக்க மாட்டார்கள். மேடம் ரெட்டும் பதிலுக்கு உருகினாள் என்று மட்டும் என்னிடம் வாதாடாதீர்கள்.

கடைசியாக, அந்தக் கோட்டு. வெற்றிச் சின்னமா, நினைவுச் சின்னமா?

எடுத்த நேரத்தில் வெற்றிச் சின்னம். சந்தேகமே இல்லை. தகுதியில்லாதவளிடமிருந்து பறித்ததாகத்தான் கிரெல் நினைக்கிறாள்.

ஆனால் இதே கோட்டுக்கு எதிராக சியேல் ஒன்று செய்கிறான். சித்தியின் இறுதிச் சடங்குக்கு ஒரு சிவப்பு உடையை எடுத்துக்கொண்டு வந்து சவப்பெட்டியில் இருப்பவள் மேல் வைக்கிறான், உங்களுக்கு இதுதான் பொருத்தம் என்று, தன் அப்பா சொன்ன அதே லைகோரிஸைச் சொல்லி. ஒருத்தி சிவப்பைப் பறிக்கிறாள், இன்னொருவன் திருப்பித் தருகிறான். கொலைகாரி என்று தெரிந்த பிறகும் தருகிறான். மேடம் ரெட்டை மேடம் ரெட்டாகவே நேசித்தது யார் என்று கேட்டால் நான் அந்தப் பையனைத்தான் சொல்வேன்.

சரி, கிரெல்லிடம் இருக்கிற கோட்டு என்ன ஆனது? அவள் அதைக் கழற்றவே இல்லை. கப்பல் பகுதியில், 2017இல் திரைப்படமாகவும் வந்த அந்தக் கதையில், கிரெல் திரும்ப வரும்போதும் அதே கோட்டுதான். முழுதாக மாட்டிக்கொள்வதும் இல்லை. கையில் நுழைத்து, தோளிலிருந்து சரியவிட்டு, முழங்கையில் தொங்கவிட்டிருப்பாள். பிணங்கள் எழுந்து நடமாடுகிற கப்பலில், கையில் செயின்சாவோடு ஓடுகிறாள், குதிக்கிறாள், சண்டை போடுகிறாள். கோட்டு மட்டும் சரிந்தபடியே இருக்கிறது, கீழே விழுவதில்லை.